கையெழுத்தும் கைந்நாட்டும்

ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவனுக்கு எழுத்தைப் பார்த்தே ஆளை அறியும் பழக்கம் வந்துவிடுகிறது. மாணவரின் எழுத்தை மட்டுமன்று, தவணைதோறும் முன்னேற்ற அறிக்கையின் அடியிற் பெற்றோர் இடும் கையொப்பத்தையும் நான் கவனித்துப் பார்ப்பதுண்டு. தலவாக்கலையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைகளின் அறிக்கைகளில் அந்த இடம் எனக்கு ஒரு சிறு சரித்திரம் போலவே தோன்றும். பாட்டியின் காலத்திற் கைந்நாட்டு. தாயின் காலத்திற் கையெழுத்து. இவ்விரண்டுக்கும் இடையே எம் மக்கள் நடந்த தூரம் எவ்வளவு என்பதை மலையகத்தார் நன்கறிவர்.

சில ஆண்டுகளுக்கு முன்பு பத்தாந் தரத்து மாணவன் ஒருவனின் அறிக்கையைப் புரட்டினேன். முதலாந் தவணையில் அவன் தாயின் கையொப்பம் முத்துக் கோத்தாற் போல இருந்தது. இரண்டாந் தவணையில் எழுத்துகள் சிதறி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. மூன்றாந் தவணையிற் கையொப்பமே இல்லை. மை பூசிய பெருவிரலின் அடையாளம் மாத்திரம் இருந்தது. எழுதத் தெரிந்த தாய் எதற்காகக் கைந்நாட்டு இடுகிறாள்? பையன் ஏதோ சூது செய்கிறான் என்று முடிவு கட்டி, வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கடிந்தேன். அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாட் காலை தாயையே அழைத்துக்கொண்டு வந்து நின்றான்.

அந்த அம்மா இரு கைகளையும் முந்தானைக்குள் மறைத்திருந்தார். "புள்ள மேல தப்பு இல்லீங்க சார். எனக்குத்தான் பேனா புடிக்க முடியல" என்று சொல்லி வலக்கையை வெளியே எடுத்துக் காட்டினார். விரல்கள் கையோடு சேருமிடமெல்லாம் வீங்கியிருந்தன. மணிக்கட்டுப் பருத்திருந்தது. விரல்கள் முழுதும் நீளாமலும் முழுதும் மடங்காமலும் இடைவழியில் நின்றன. மற்றக் கையும் அவ்வாறே இருந்தது. "எட்டு மாசமா இப்படித்தான் இருக்குங்க. காலையில பெரட்டுக்குப் போற நேரத்துல கை மூடவே மூடாது. பத்து மணிக்கு அப்புறந்தான் கொஞ்சம் மடங்கும்" என்றார். பையனிடம் அன்றே, அதே வகுப்பில், எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். ஆயினும் அந்த எட்டு மாதங்கள் என் மனத்தை விட்டு அகலவில்லை. அவற்றைப் பற்றியே இவ்வாரம் எழுதுகிறேன்.

அந்த அம்மாவைப் பிடித்திருந்த நோயின் பெயர் முடக்குவாதம். தமிழகத்திற் சில பகுதிகளில் இதனைச் சரவாங்கி என்றும் சொல்வர். முதுமையில் முழங்கால் தேய்ந்து வரும் வலி வேறு, இது வேறு. தேய்வு என்பது வண்டிச் சக்கரம் ஓடி ஓடித் தேய்வது போன்றது. முடக்குவாதமோ உடலின் காவற்படை தன் வீட்டாரையே பகைவரென மயங்கித் தாக்குவதால் வருவது. மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வை அப்படை தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்துக் குருத்தெலும்பையும் எலும்பையும் மெல்ல அரித்துவிடுகிறது. விரல், மணிக்கட்டு, பாதம் ஆகிய சிறு மூட்டுகளில், பெரும்பாலும் இரு பக்கத்தும் ஒருங்கே தொடங்கும். காலையில் எழுந்ததும் மூட்டுகள் அரை மணி நேரத்துக்கு மேலாக விறைத்து நிற்பது இதன் முக்கிய அடையாளம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் உலகில் 1 கோடியே 80 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 70 பேர் பெண்கள்.

"மலைக்குளிரும் மழையுந்தான் காரணம், வேறென்ன?" என்று எம் ஊரிற் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இக்கேள்வியை உலகம் முன்னரே கேட்டு விடையும் கண்டிருக்கிறது. 1960களின் முற்பகுதியில் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வாளர்கள் அந்நாட்டின் ஆதிக்குடிகள் இரண்டைத் தேர்ந்தெடுத்தனர். ஒன்று, பனி உறையும் மொன்ரானா மாநிலத்தில் வாழும் பிளாக்ஃபீட் மக்கள். மற்றொன்று, வெயில் எரிக்கும் அரிசோனாப் பாலைநிலத்தில் வாழும் பீமா மக்கள். குளிரே காரணமாயின் பாலையில் நோய் குறைந்திருத்தல் வேண்டுமன்றோ? அவ்வாறு குறைந்திருக்கவில்லை. குளிர் வலியை மிகுவிக்கலாம். நோயை உண்டாக்குவது அதுவன்று. மூட்டுவாதத்தை நாடிப் போன அந்த ஆய்வாளர்கள் பீமா மக்களிடையே அளவுக்கு மீறிய நீரிழிவு இருப்பதைக் கண்டு திகைத்தது தனிக்கதை.

அவர்கள் கண்ட மற்றொரு செய்தியே இங்கு நமக்கு வேண்டுவது. உலகின் பெரும்பாலான நாடுகளில் நூறு பேரில் ஒருவருக்கோ அதனினும் குறைவாகவோ காணப்படும் முடக்குவாதம், வட அமெரிக்காவின் ஆதிக்குடிகள் சிலரிடையே பன்மடங்கு மிகுதியாக இருக்கிறது. பீமா மக்களிடத்தும் மின்னசோட்டாவின் சிப்பேவா மக்களிடத்தும் நூற்றுக்கு 5 முதல் 7 பேர் வரை பாதிக்கப்பட்டிருந்ததாக ஆய்வுகள் பதிவு செய்தன. கனடாவின் கிறீ, ஒஜிப்வே மக்களிடத்தும் இது மிகுதி. இளவயதிலேயே தொடங்குவதும் கடுமையாக முற்றுவதும் அவர்களிடையே காணப்படுகின்றன. தன்னவர் யார், பிறர் யார் என்று காவற்படைக்கு அறிவிக்கும் மரபணுக்களுள் நோய்க்கு இடங்கொடுக்கும் வகை ஒன்று அவர்களிடையே பரவலாக இருப்பது ஒரு காரணம். ஆனால் மரபணு தலையெழுத்தன்று. 1965 முதல் 1990 வரை பீமா மக்களிடையே புதிதாக நோயுறுவோர் தொகை குறைந்து வந்ததை அறிஞர் கண்டனர். கால் நூற்றாண்டிற் பரம்பரை மாறிவிடாது. மாறியது வாழ்க்கைச் சூழலே. புகைத்தல் இந்நோயை வரவழைக்கும் என்பது உறுதிப்பட்ட செய்தி. பல் ஈறு நோய்க்கும் இதற்கும் தொடர்புண்டு என்ற ஐயமும் வலுத்து வருகிறது.

நோய் மிகுதியாக உள்ள இடத்தில் வைத்தியமும் மிகுதியாக இருக்க வேண்டும் என்பது நியாயம். அங்கே நடந்தது வேறு. 1876ஆம் ஆண்டிற் கிறீ மக்களுக்கும் பிரித்தானிய முடிக்கும் இடையே கனடாவில் ஆறாம் உடன்படிக்கை செய்யப்பட்டது. தம் பரந்த நிலத்தைக் கொடுத்த அம்மக்கள் கேட்டுப் பெற்ற வாக்குறுதிகளுள் ஒன்று, அரசின் முகவர் வீட்டில் அவர்களுக்காக ஒரு மருந்துப் பெட்டி வைக்கப்படும் என்பதாகும். அப்பெட்டி என்பது வெறும் பெட்டிதானா, அன்றி வைத்திய உதவி முழுவதையுமே குறிக்குமா என்ற வழக்கு 1966இல் சஸ்காச்சுவான் மாகாணத்து மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்றம் பெட்டியைப் பெட்டி என்றே கொண்டது. இன்றைக்கும் அங்குள்ள ஆதிக்குடி நோயாளர் சாதாரண வைத்தியரிடம் அடிக்கடி போவதும், மூட்டுவாத நிபுணரைக் காண்பது அரிதாக இருப்பதும், விலையுயர்ந்த புதிய மருந்துகள் அவர்களைக் குறைவாகவே எட்டுவதும் ஆய்வுகளில் தெரிய வந்துள்ளன. குடியிருப்புக்கும் நகரத்துக்கும் இடையேயுள்ள தூரம் ஒரு காரணம். பழைய அவமதிப்புகளால் வைத்தியசாலைமீது ஏற்பட்ட அவநம்பிக்கை மற்றொன்று.

இக்குறையைத் தீர்க்கக் கண்ட வழி எளியது. நோயாளி நிபுணரிடம் வர இயலாதாயின், நிபுணர் நோயாளியிடம் செல்வது. கல்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூட்டுவாத நிபுணரும், தாமே மெட்டி என்னும் ஆதிக்குடி வழியில் வந்தவருமான செரில் பார்னபி, ஆதிக்குடிகள் வாழும் இடத்துக்கே மூட்டுவாதக் கிளினிக்கை எடுத்துச் சென்றவர்களுள் ஒருவர். தம் ஊரில், தம்மவர் நடுவில், தம் மூலிகையையும் சடங்கையும் பழியாத வைத்தியர் ஒருவரிடம் நோயைச் சொல்வது வேறு. நூறு மைல் கடந்து அந்நியர் முன் நின்று சொல்வது வேறு.

நிற்க. எம் மலைகளுக்குத் திரும்புவோம். நாம் இம்மண்ணின் ஆதிக்குடிகள் அல்லர். இரு நூற்றாண்டுகளுக்கு முன்பு கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர்கள். எனினும் அந்த மருந்துப் பெட்டியின் கதையைப் படித்தபோது, இது எங்கோ கேட்ட கதையாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. எமக்கும் ஒரு பெட்டி உண்டு. தோட்டத்து டிஸ்பென்சரியே அது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம், தோட்டத்து நோயாளரைக் கவனிக்கும் கடமையைத் தோட்டங்களின்மேல் வைத்தது. காய்ச்சலுக்கும் காயத்துக்கும் பிரசவத்துக்கும் அந்த ஏற்பாடு பயன்பட்டதை மறுப்பதற்கில்லை. ஆனால் முடக்குவாதம் ஒரு நாள் மாத்திரையில் அடங்குவதன்று. ஆண்டுக்கணக்காக இரத்தத்தைச் சோதித்து, மருந்தை மாற்றி, கண்காணித்து வரவேண்டிய நோய் அது.

அந்த அம்மாவின் எட்டு மாதங்கள் எவ்வாறு கழிந்தன என்று விசாரித்தேன். முதல் இரண்டு மாதம், கூடை சுமந்த அசதி என்று அவரே எண்ணிக்கொண்டார். அடுத்த மூன்று மாதம் டிஸ்பென்சரியில் வலி மாத்திரை. அதன் பின்பு சந்தை நாளில் வந்த ஒருவர் விற்ற சூரணம். அது இரண்டே நாளில் வீக்கத்தை வற்றச் செய்தது. முகம் மட்டும் ஊதியது. சூரணம் தீர்ந்ததும் வலி முன்னிலும் பன்மடங்காயிற்று. பெரிய வைத்தியசாலைக்குப் போகும்படி ஒருவர் சொன்னாராம். போவதென்றால் ஒரு நாட் சம்பளம் போகும். துணைக்கு வருபவரின் சம்பளமும் போகும். மகனுக்குப் பரீட்சை வேறு நெருங்குகிறது. ஆகவே போகவில்லை.

தலவாக்கலையில் இருப்போர் மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் எமது ஊரிலேயே, சென் கூம்ஸில் இருக்கிறது. 1946இல் இலங்கைத் தேயிலையைக் கொப்புள நோய் தாக்கியபோது, இலையில் விழுந்த ஒவ்வொரு புள்ளியையும் அறிஞர் கண்ணாடி வைத்துப் பார்த்து மருந்து தெளிக்கும் முறையை வகுத்தனர். அது நன்றே, இலை பிழைத்ததால் நாமும் பிழைத்தோம். அந்த இலையைக் கிள்ளும் விரலில் வீக்கம் விழுந்தால் அதனை யார் பார்க்கிறார்? கொழுந்து எடுப்பது பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து செய்யும் தொழில். வேறொருவருக்கு முடக்குவாதம் ஒரு துன்பம். கொழுந்து எடுப்பவருக்கு அதுவே வேலை இழப்பு.

மருந்தே இல்லாத நோயாயின் விதியை நொந்து அமையலாம். இதற்கு மருந்து உண்டு. அம்மருந்துகளின் சரித்திரம் எமக்கு அந்நியமானதுமன்று. கோப்பிக்குப் பின், தேயிலைக்கு முன், இம்மலைகளிற் சில காலம் சிங்கோனா மரம் பயிரிடப்பட்டது. 1861இல் அமைந்த ஹக்கலைத் தாவரத் தோட்டம் அம்மரத்தை வளர்ப்பதற்கென்றே தொடங்கப்பட்டது. அதன் பட்டையிலிருந்து எடுத்த கொயினா மலேரியாவைத் தடுத்தது. பின்னர் கொயினாவுக்கு மாற்றாகச் செய்யப்பட்ட மலேரியா மருந்துகளை இரண்டாம் உலகப் போரில் உண்ட படைவீரர் சிலரின் மூட்டுவலி குறைந்ததை வைத்தியர் கண்டனர். அவ்வழியில் வந்த ஹைட்ரொக்சிகுளோரோகுயின் இன்றும் முடக்குவாதத்துக்குக் கொடுக்கப்படுகிறது.

இன்று இந்நோய்க்கு முதல் மருந்தாக விளங்கும் மெத்தோட்ரெக்சேட்டின் பின்னணியிலும் எம்மருகில் பிறந்தவர் ஒருவர் நிற்கிறார். 1895இல் ஆந்திரத்துப் பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றிற் கற்பித்துவிட்டு அமெரிக்கா சென்று, லெடர்லி ஆய்வுகூடத்தில் அவர் வழிநடத்திய குழுவினர் உருவாக்கியவற்றுள் ஒன்று இம்மருந்து. முதலில் இரத்தப் புற்றுநோய்க்கெனப் பயன்பட்ட இவ்வகை மருந்து, மிகக் குறைந்த அளவிற் கொடுத்தால் முடக்குவாதத்தை அடக்கும் என்று பின்னர் அறியப்பட்டது. 1988இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி அளித்தது. 1948இலேயே மறைந்துவிட்ட சுப்பாராவ் அதனைக் காணவில்லை.

"அப்படியாயின் நம் நாட்டு வைத்தியம் வீணா?" என்று வாசகர் கேட்கலாம். இல்லை. மாதவ நிதானம் என்னும் பழைய ஆயுர்வேத நூல் ஆமவாதம் எனத் தனி நோயாக வகுத்ததை இன்றைய முடக்குவாதத்தோடு ஒப்பிடுவர். சித்த வைத்தியர் கீல்வாயுவை வகை வகையாகப் பிரித்திருக்கின்றனர். எம் பாட்டிமார் முடக்கொத்தான் ரசம் வைத்ததும் நொச்சியிலை ஒத்தடம் கொடுத்ததும் அன்போடு கூடிய ஆறுதல்கள். நுவரெலியாப் பக்கத்தில் விற்கும் வின்டர்கிரீன் தைலத்தில் உள்ள பொருள் அஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. பூசினால் வலி தணியும். குழந்தை குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசியில் 43 நோயாளரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆயுர்வேதமும், ஒரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்சேட்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும் 36 வாரம் கொடுத்துப் பார்த்தனர். 2011இல் வெளியான அவ்வாய்வின்படி மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு நலம் பெற்றனர். இது சிறிய முன்னோடி ஆய்வே. இதைக்கொண்டு முடிவான தீர்ப்புச் சொல்லலாகாது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ஆயுர்வேதம் கொடுத்தவர் முறையாகக் கற்ற வைத்தியர். நோயாளரின் நிலை இடைவிடாது சோதிக்கப்பட்டது. பெயர் தெரியாத சூரணத்துக்கு அப்பெருமை உரியதன்று. இரண்டு நாளில் அற்புதம் செய்யும் பொடிகளில் ஸ்டெரொயிட் மருந்து கலந்திருக்கக் கூடும். அது வைத்தியர் கையில் அளவோடு பயன்படும் மருந்து. அளவறியாது நெடுநாள் உண்டால் எலும்பையும் சருக்கரையையும் கெடுத்துவிடும்.

திருக்குறளில் மருந்து என்ற அதிகாரம் வைத்தியத்துக்கு நான்கு அங்கம் சொல்கிறது. நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து துணை செய்பவரையும் வள்ளுவர் சேர்த்துக்கொண்டார். எம் மலைகளில் முதல் மூன்றும் எங்கெங்கோ இருக்கின்றன. நான்காமவரே இல்லை. அந்த இடத்தை யாரும் நிரப்பலாம். தாயின் விரல்களைத் தினமும் காணும் மாணவன் நிரப்பலாம். கையொப்பத்தைத் தவணைதோறும் காணும் ஆசிரியனும் நிரப்பலாம். நான் அதைக் கண்டும் காணாதவனாய் இருந்தேன்.

ஆகையால் இவ்வளவை மட்டும் நினைவில் வையுங்கள். சிறு மூட்டுகளில் வீக்கமும் காலை விறைப்பும் ஆறு வாரம் நீடித்தால் அதனை அசதி என்று தள்ளிவிடாதீர்கள். சிக்குன்குன்யாக் காய்ச்சலின் பின்னும் இவ்வாறு வலி வருவதுண்டு. எது எது என்று பிரித்தறிய இரத்தப் பரிசோதனை வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியரைக் கண்டு, மூட்டுவாதக் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். தொடங்கிய சில மாதங்களுக்குள் மருந்து எடுத்தால் மூட்டைக் காக்கலாம்; அரிக்கப்பட்ட எலும்பை எம்மருந்தும் திரும்ப வளர்ப்பதில்லை. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறை மாத்திரம் உண்ண வேண்டியது. தினமும் உண்டால் உயிரைக் குடிக்கும். எந்தக் கிழமை என்று நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். கர்ப்பம் தரிக்கும் எண்ணமுள்ள பெண்கள் முன்னதாகவே வைத்தியரிடம் சொல்லுதல் அவசியம். இம்மருந்து உண்பவர்கள் மதுவைத் தொடலாகாது. பூசும் தைலமும் ஒத்தடமும் தாராளமாகத் தொடரலாம். உள்ளே உண்ணும் எந்த நாட்டு மருந்தையும் வைத்தியரிடம் மறையாமல் சொல்லுங்கள்.

அந்த அம்மா பின்னர் கண்டிக்குப் போனார். முதல் இரண்டு முறையும் துணைக்குப் போனவன் மகன். அவ்விரு நாளும் வகுப்புக்கு வராததற்கு நான் காரணம் கேட்கவில்லை. ஓராண்டில் வீக்கம் பெரும்பாலும் அடங்கியது. இரண்டு விரல்கள் மட்டும் நேராகவில்லை. அவை அந்த எட்டு மாதத்துக்குக் கொடுத்த விலை. இப்போது கொழுந்துக்குப் போவதில்லை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்க்கிறார்.

பையன் கல்லூரியை விட்டுச் செல்லுமுன் இறுதி அறிக்கையைக் கொண்டுவந்தான். அடியிற் கையொப்பம் இருந்தது. எழுத்துகள் பழையபடி முத்துக் கோத்தாற் போல இல்லை; சற்றுப் பெரிதாக, வலப்பக்கம் சாய்ந்து நின்றன. "அம்மா கால் மணி நேரம் எடுத்து எழுதுனாங்க சார்" என்றான்.